பசுமை ஹைட்ரஜன் சிலிண்டர்: அம்பத்தூர் பட்டறையில் ஆறு மாதம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு சின்ன ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது, பன்னிரண்டு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாஷர், கிளிப், சின்னச் சின்ன ஸ்பிரிங் இவற்றை பிரைட் அனீலிங் செய்து, அதாவது பளபளப்பு கெடாமல் சூடாக்கி மென்மையாக்கிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. அதற்கு ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது. ஒரு ஷிஃப்டுக்கு ஒரு சிலிண்டர் என்ற கணக்கில் மாதம் 26, 28 சிலிண்டர் போகும். போன ஜூலையிலிருந்து அந்தச் சிலிண்டரை, பசுமை ஹைட்ரஜன், அதாவது சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்தது என்று சொல்லி விற்கும் ஒரு புதுக் கம்பெனியிடம் வாங்குகிறேன். ஆறு மாதம் ஆகிவிட்டது, இப்போது அதைப் பற்றி எழுதலாம்.

கம்பெனியின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதியை அவர்கள் சரிசெய்துவிட்டார்கள், மீதியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் இதேபோல வாங்கலாமா என்று யோசிக்கும் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு, யாரிடம் வாங்கினாலும், என் நோட்டில் இருக்கும் கணக்கு பயன்படும்.

நான் மாறியதற்குக் காரணம் ஒரு படிவம். திருமுடிவாக்கத்தில் ஃபாஸ்னர் செய்யும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஜெர்மனிக்கு வாஷர் அனுப்புகிறார். இரும்பு, எஃகுச் சாமான்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கார்பன் கணக்குக் கேட்க ஆரம்பித்தது 2023 அக்டோபரில். 2026 ஜனவரியிலிருந்து வெறும் கணக்கு போதாது, பணமும் கட்டவேண்டும் என்று ஆனது. அங்கிருந்து அவருக்குக் கேள்வி வந்தது, அவர் எங்களுக்கு ஒரு படிவம் அனுப்பினார். மின்சாரம் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது? வாயு என்ன, எங்கிருந்து வருகிறது? முதல் கேள்விக்கு ஈ.பி. பில் இருந்தது. இரண்டாவதற்கு என்னிடம் பதிலே இல்லை. முப்பது வருஷமாகச் சிவப்புச் சிலிண்டர் வருகிறது, காலி போகிறது. அது எங்கே நிரம்புகிறது என்று அப்பாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பழைய சப்ளையருக்கு போன் செய்தேன். "காஸ்டிக் சோடா ஆலையில வர்றதுதான் மேடம்" என்றார். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும்போது கூடவே ஹைட்ரஜனும் வரும். ஒரு டன் காஸ்டிக்குக்குச் சுமார் 25 கிலோ. அவர்களுக்கு அது உபரி, அதைத்தான் சிலிண்டரில் அடைத்து விற்கிறார்கள். நியாயமாகச் சொன்னால் அது மோசமான வாயு இல்லை. சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலைகளும் பெரும்பாலும் பயன்படுத்துவது இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்து உடைத்து எடுத்த ஹைட்ரஜன். அந்த வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் போகிறது. பழைய சப்ளையரிடம் இரண்டு வகையும் கலந்து வந்திருக்கிறது. எந்த மாதம் எது என்று கேட்டேன். அவரிடம் தாள் இல்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது எண்ணூர்ப் பக்கம். நிலக்கரிச் சாம்பல் கொடியில் காயும் துணியில் படியும், அம்மா அலசிய துணியையே மறுபடி அலசுவாள். தம்பிக்கு வருஷத்தில் பாதி நாள் இழுப்பு. ஊரின் மற்ற பக்கத்தில் ஸ்விட்ச் போடுகிறவர்களுக்கு அந்தக் கொடியைத் தெரியாது. அதனால் ஒருவர் பில்லில் 'பசுமை' என்று அச்சடித்தால், அதன் மின்சாரம் நிலக்கரிப் புகைபோக்கியிலிருந்து வரவில்லை என்று அவர் காட்டியே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

முதலில் வாயுவின் தரம். சரக்கு கெட்டால் மற்றதையெல்லாம் பேசிப் பயனில்லை.

எஸ்.எஸ். சாமானை 1,050 டிகிரி அளவில் சூடாக்கும்போது மேலே ஆக்சைடு படியாமல் பார்த்துக்கொள்வது ஹைட்ரஜனின் வேலை. வாயுவில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சாமானில் இருக்கும் குரோமியம் அந்த ஈரத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், பளபளப்பு போய்விடும். அதனால் எங்களுக்கு டியூ பாயிண்ட், அதாவது வாயுவில் உள்ள ஈரம் படிய ஆரம்பிக்கும் வெப்பநிலை, மைனஸ் 50 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும்; அது எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு உலர்ந்த வாயு. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜன் வெளியே வரும்போதே ஈரமாகத்தான் வரும், துளி ஆக்சிஜனும் கலந்திருக்கும். அந்த ஆக்சிஜனை நீக்கி, உலர்த்தி, அப்புறம்தான் அழுத்தவேண்டும். ஆகவே இப்படிப்பட்ட கம்பெனியிடம் முதல் கேள்வி உலர்த்தியைப் பற்றித்தான் இருக்கவேண்டும்.

மூன்று வாரம் சரக்கு அருமையாக வந்தது. நான்காவது வாரம் ஒரு தட்டு வாஷர் வைக்கோல் நிறத்தில் வெளியே வந்தது. ஃபர்னஸில் நிற்கிற அண்ணன் அப்பா காலத்து ஆள், இன்றைக்கும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே, "பாப்பா, கேஸ்ல ஈரம் இருக்கு" என்றார். மீட்டர் மைனஸ் 38 காட்டியது. நாற்பது கிலோ சரக்கை ஆசிட்டில் போட்டு மறுபடி எடுக்கவேண்டியதாகிவிட்டது.

கம்பெனியில் முதலில் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. "உங்க லைன்ல லீக் இருக்கும் மேடம், செக் பண்ணுங்க." பழைய சிலிண்டர் ஒன்று மிச்சம் இருந்தது. அதே லைன், அதே ரெகுலேட்டர், அதில் மாட்டிப் பார்த்தோம். மைனஸ் 56. இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் அவர்களுடைய பிளான்ட் எஞ்சினியர், சின்னப் பெண், கையில் மீட்டரோடு தானே வந்தாள். நான்கு சிலிண்டரைச் சோதித்து நான்கையும் திருப்பி எடுத்துப்போனாள். இரண்டு நாளில் காரணமும் சொன்னாள். உலர்த்தியில் இரண்டு டவர் மாறி மாறி வேலை செய்யும், அதில் ஒன்றின் ஹீட்டர் போய்விட்டிருக்கிறது. ஈரம் உறிஞ்சிய டவர் முழுதாகக் காயாமலே மறுபடி வேலைக்கு வந்திருக்கிறது. சிலிண்டர் பணத்தைக் கழித்துவிட்டார்கள். மறுபடி வேலை செய்த கூலியைத் தரவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் அதற்குப்பின் ஒவ்வொரு லோடுக்கும் டியூ பாயிண்ட் எழுதிய சீட்டு வருகிறது, நாங்களும் ஒவ்வொரு லோடையும் அளக்கிறோம். மைனஸ் 60-க்கு மேல் ஒருமுறையும் ஏறவில்லை.

அடுத்தது சான்றிதழ். எனக்கு நிறைய நேரம் எடுத்த விஷயம் இதுதான்.

முதல் மாத பில்லோடு ஒரு தாள் வந்தது. மேலே இலைப் படம், கீழே '100 சதவீதம் பசுமை' என்ற வரி, ஒரு கையெழுத்து. எண் ஒன்றுமே இல்லை. பசுமை ஹைட்ரஜன் எது என்று நம் அரசு 2023 ஆகஸ்டில் வரையறை கொடுத்திருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஆகும் வெளியேற்றம், 12 மாத சராசரியில், 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் போகக்கூடாது. தண்ணீரைச் சுத்தம் செய்வது, பிரிப்பது, உலர்த்துவது, அழுத்துவது எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

இந்த 2 கிலோ எவ்வளவு கறாரான அளவு என்று நான் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இயந்திரம், கம்ப்ரசர் எல்லாம் சேர்த்துச் சுமார் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டுப் பொது மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 55 யூனிட்டையும் ஈ.பி. லைனிலிருந்து எடுத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 38 கிலோவுக்கு மேல் வரும். இயற்கை எரிவாயு வழியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு மோசம். 2 கிலோவுக்குள் நிற்கவேண்டும் என்றால் 55-ல் கிட்டத்தட்ட 3 யூனிட்தான் பொது லைனிலிருந்து எடுக்கலாம். மீதி 52-ம் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வரவேண்டும். தண்ணீர் பிரிக்கிற இயந்திரம் ஒன்று இருப்பதால் மட்டும் வாயு பசுமை ஆகிவிடாது. அதற்குப் போகும் கம்பி எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

விற்பனைப் பையனிடம் ஒரே கேள்வி கேட்டேன். "ராத்திரி மிஷின் ஓடுமா, தம்பி?" "காத்தாலை அக்ரிமெண்ட் இருக்கு மேடம்" என்றான். அக்ரிமெண்ட் வருஷக் கணக்கில் இருக்கலாம். ஆடியில் முப்பந்தலில் சுற்றிய காற்றாலையின் யூனிட்டை மார்கழி ராத்திரிக்குக் கணக்கு எழுதிக்கொண்டால், அந்த ராத்திரி உண்மையில் எரிவது நிலக்கரி. எனக்கு மணிவாரிக் கணக்கு வேண்டும் என்றேன். இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை என்றார்கள். ஐரோப்பாவில் இறக்குமதி ஹைட்ரஜனுக்கே 2030-லிருந்து மணிக்கு மணி பொருத்திக் காட்டவேண்டும் என்று விதி வந்துவிட்டது, இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு உங்களிடம் எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லி விடாமல் இருந்தேன். எஞ்சினியர் பெண்தான், "நேர்ல வந்து லாக் ஷீட்டையே பாருங்க மேடம்" என்றாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை போனேன். ஒரகடம் பக்கம், எங்கள் வாசலிலிருந்து சரியாக 50 கிலோமீட்டர். இடம் பெரிது, இயந்திரம் சின்னது. மணிக்கு 50 கனமீட்டர், அதாவது ஏழு சிலிண்டர் நிரப்பும் அளவு. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி துறைமுகத்தில் தொடங்கிய முன்னோட்ட ஆலை மணிக்கு 10 கனமீட்டர்தான் என்று நினைத்துப் பார்த்தால் இது சின்னதே இல்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிக்கல் தகடு வைத்துப் பிரிக்கும் பழைய, அடிபட்ட முறை. கரைசலுக்குப் பதில் மெல்லிய சவ்வு வைக்கும் பி.இ.எம். என்ற புதுவகை இன்னும் கச்சிதமாக இருக்கும், வெயில் ஏறி இறங்குவதற்கேற்ப சட்டென்று கூட்டிக் குறைக்கலாம். அதற்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். அதற்கு இரிடியம் வேண்டும், உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது, அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து, அந்த ஒரு உலோகத்தை நம்பி உட்கார எங்களால் முடியாது என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

லாக் ஷீட்டைக் காட்டினார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் மின்சாரத்துக்கும் பொருந்தும். ஜூலை, ஆகஸ்ட் ராத்திரிகளில் தெற்கிலிருந்து வந்த காற்று மின்சாரம் அந்தந்த மணிக்கே போதுமான அளவு இருந்திருக்கிறது, பகலில் கூரைமேல் சோலார். ஆகஸ்டில் ஒரு கிலோவுக்குப் பொது லைனிலிருந்து எடுத்தது ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. அதை நகல் எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது மாதா மாதம் பில்லோடு வருவது அந்த ஷீட்தான், இலைப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

தண்ணீரைப் பற்றி எனக்கு இருந்த பயம் அங்கே கொஞ்சம் தணிந்தது. 2019-ல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த வருஷம் ஃபர்னஸைக் குளிரவைக்க டேங்கர் கிடைக்காமல் நாங்களே பட்டறையைப் பூட்டிய நாள் உண்டு. அந்த ஊரில் தண்ணீரைப் பிரித்து வாயு எடுக்கலாமா? கணக்குப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர், ஒரு சிலிண்டருக்கு ஐந்தரை லிட்டர். சுத்திகரிப்பில் கழிவது தனி, அதையும் சேர்த்தால்கூட ஒரு கேன் தண்ணீரில் ஒரு சிலிண்டர் நிரப்பிவிட்டு மீதம் வைக்கலாம். அதுவும் இவர்கள் எடுப்பது குடிதண்ணீர் இல்லை. கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலை நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ளது. அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாய் போகிறது. அந்தத் தண்ணீரை மறுபடி வடிகட்டித்தான் பயன்படுத்துகிறார்கள். மின்சாரம்தான் எப்போதுமே பெரிய செலவு. ஒரு சிலிண்டருக்கு 33 யூனிட். 100 யூனிட்டில் மூன்று சிலிண்டர்தான் நிரம்பும்.

திரும்பி வரும்போது வெளிவட்டச் சாலையில், எனக்கு முன்னால் எங்கள் லோடை ஏற்றிய குட்டி யானை வண்டி போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியபோதுதான் இன்னொரு கணக்கு மனதில் ஓடியது. வீட்டுக்குப் போனதும் எழுதிப் பார்த்தேன்.

ஒரு சிலிண்டரின் எடை கிட்டத்தட்ட 60 கிலோ. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் 600 கிராம். குட்டி யானையில் 12 சிலிண்டர் ஏறும், 720 கிலோ இரும்பு, 7 கிலோ சொச்சம் வாயு. காலி சிலிண்டரும் ஏறக்குறைய அதே எடை என்பதால் வண்டி போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம். போக வர 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் ஆறே முக்கால் லிட்டர் டீசல், அதாவது 18 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஏழு கிலோ வாயுவுக்குப் பங்கு போட்டால் கிலோவுக்கு இரண்டரை. ஆலைக்குள் 2 கிலோவுக்குக் கீழே நிறுத்த அத்தனை பாடு பட்டுவிட்டு, வண்டியில் ஏற்றி எங்கள் வாசலுக்குக் கொண்டுவருவதிலேயே அதைவிட அதிகம் விட்டுவிடுகிறோம். அரசின் வரையறை ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. சாலையில் ஆகும் புகை அதில் இல்லை. அதனால் இதை யாரும் சொல்லவில்லை. சான்றிதழிலும் வராது, விளம்பரத்திலும் வராது. வாங்குகிறவர்தான் கேட்கவேண்டும்.

என்ன செய்யலாம்? பெரிய லாரியில் 60 சிலிண்டர் ஏற்றினால் மைலேஜ் லிட்டருக்கு ஆறு என்று குறைந்தாலும், அதே 100 கிலோமீட்டருக்குக் கிலோவுக்கு ஒன்றேகால்தான் ஆகிறது. பாதி. ஆனால் என்னால் 60 சிலிண்டரை வாங்கி அடுக்க முடியாது. உரிமம் இல்லாமல் 25 சிலிண்டருக்கு மேல் வைக்கக்கூடாது என்பது விதி, எங்கள் ஷெட்டில் இடமும் கிடையாது. எஸ்டேட்டில் ஹைட்ரஜன் வாங்கும் இன்னும் மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் கார்பைடு டூல் செய்பவர், இன்னொருவர் கண்ணாடிக் குழாய் வேலை, மூன்றாமவர் எங்கள் தொழில்தான், போட்டிக்காரர் என்றே சொல்லலாம். அவர் வீட்டுக்குப் போய்க் கணக்கைக் காட்டியபோது, "உங்கப்பா இருந்தா இப்படி என் வீட்டுக்கு வந்திருப்பாராம்மா?" என்று சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அக்டோபரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஒரே லாரி வருகிறது, நான்கு இடத்தில் இறக்குகிறது. நான் 14 எடுத்துக்கொள்கிறேன்.

கம்பெனி இதற்கு உடனே ஒத்துக்கொண்டது, அவர்களுக்கும் டீசல் மிச்சம். லாரியில் தூக்குப் பலகை இருப்பது எனக்கு இன்னொரு நிம்மதி. குட்டி யானைக்காரத் தம்பி சிலிண்டரைப் பழைய டயர்மேல் தள்ளிவிட்டு இறக்குவான். நான் சத்தம் போட்டால் "ஒண்ணும் ஆகாதுக்கா" என்பான். ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. வால்வு ஒன்று உடைந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குக்கூட நேரம் இருக்காது. இரண்டுமுறை, ஐந்து வருஷச் சோதனைத் தேதி தாண்டிய சிலிண்டரும் வந்தது. தோளில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்துத்தான் இறக்குங்கள். திருப்பி அனுப்பினால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள், அதில் குறை சொல்லமாட்டேன்.

இந்தக் கம்பெனியை நான் நம்ப ஆரம்பித்தது நவம்பரில். தெற்கே காற்று சீசன் முடிந்துவிட்டது, இங்கே ஐப்பசி அடைமழை, நாலு நாளாக வெயிலே இல்லை. எஞ்சினியர் பெண் போன் செய்தாள். "மேடம், இந்த லோடுக்கு எட்டுதான் தரமுடியும். ஈ.பி. கரண்ட்ல எடுக்கக்கூடிய அளவ இந்த வருஷத்துக்குக் கிட்டத்தட்ட எடுத்துட்டோம். இப்ப ஓட்டினா சராசரி ரெண்டு கிலோவைத் தாண்டிடும். ஆர்டினரி சிலிண்டர் வேணும்னா ஆர்டினரி விலைக்கே வாங்கித் தர்றேன், டேக் வேற கலர்ல இருக்கும்." ராத்திரி ஓசைப்படாமல் மிஷினை ஓட்டி 14 சிலிண்டரையும் அதே பெயரில் அனுப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? மாதக் கடைசியில் ஷீட்டைப் பார்த்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். ஆனால் அவள் முதலில் சொன்னாள். ஆறு ஆர்டினரி சிலிண்டர் வாங்கி, தனியாக அடுக்கி, நோட்டில் தனியாக எழுதி, திருமுடிவாக்கத்துக்காரருக்கும் அப்படியே தெரிவித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "எழுதிக் குடுத்துட்டீங்கல்ல, போதும்" என்றார்.

மழைக்காலத்துக்கு வழி என்ன என்பது இன்னும் தீரவில்லை. வெயில் காலத்தில் அதிகம் நிரப்பி வைக்கலாம் என்றால் அதற்கு நூற்றுக்கணக்கில் சிலிண்டரும் உரிமம் பெற்ற கிடங்கும் வேண்டும். 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது, 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதலும் ஆகிவிட்டது. நம் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பிலேயே 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை ஓட்டிச் சோதித்தார்கள். அந்தப் பெரிய திட்டங்களுக்கும் நம் தமிழ்நாட்டில் இதே ஐப்பசி, கார்த்திகைதான் வரும். அவற்றைச் செய்கிறவர்கள் இந்த இரண்டு மாதத்தை இப்போதே மனதில் வைத்துத் திட்டமிடவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆளிடம் வாங்கியதைவிட சிலிண்டருக்கு 240 ரூபாய் அதிகம், மாதத்துக்கு 6,700 ரூபாய் சொச்சம். 15 நாள் வரை சிலிண்டர் வாடகை இல்லை, அதற்குமேல் தினக் கணக்கு. இந்தக் கூடுதல் பணத்துக்கு எவ்வளவு புகை குறைகிறது? என் மாதத் தேவை 17 கிலோ ஹைட்ரஜன். எரிவாயு வழி ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் மாதம் சுமார் 100 கிலோவோ அதற்கு மேலோ கார்பன் டை ஆக்சைடு மிச்சம், லாரியைக் கழித்த பிறகு. ஆனால் என் ஃபர்னஸ் குடிக்கும் மின்சாரம் மாதம் 6,000 யூனிட், அதாவது 4 டன்னுக்கு மேல். வாயுவை மட்டும் மாற்றிவிட்டுப் பசுமைப் பட்டறை என்று நான் போர்டு மாட்ட முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றி சோலார் போடுவதற்கு இப்போதுதான் பாங்கில் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கூரையை முதலில் செய்யுங்கள். இந்தச் சிலிண்டர், வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டவேண்டியவர்களுக்கும், மணிவாரி ஷீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கும். ஷீட் தரமாட்டேன் என்று சொல்லும் கம்பெனியிடம் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அக்டோபரில் அவர்களுடைய இயந்திரம் ஒன்பது நாள் நின்றது, எங்களுக்கும் சப்ளை நின்றது. காரணம் ஒரு கேஸ்கட். இயந்திரம் சீனாவிலிருந்து வந்தது, தகடுகளுக்கு நடுவில் வைக்கும் டெஃப்லான் கேஸ்கட்டும் அங்கிருந்துதான் வரவேண்டும், இருப்பில் இருந்தது தீர்ந்துவிட்டது. காற்றும் வெயிலும் தண்ணீரும் எல்லாம் இங்கேயே இருக்கிறது, ஒரு வளையத்துக்காகக் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு அடுத்த சந்தில் அண்ணாச்சி ஒருவர் கெமிக்கல் பம்புகளுக்கு டெஃப்லான் கேஸ்கட் வெட்டிக் கொடுக்கிறார், இருபது வருஷத் தொழில். எஞ்சினியர் பெண்ணை அழைத்துப்போய் அறிமுகம் செய்தேன். அவர் பழைய கேஸ்கட்டைக் கையில் வாங்கி, விரலால் தடவி, கனத்தை மைக்ரோமீட்டரில் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்கா ஒன்பது நாள் நின்னிய?" என்றார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், 80 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் நிற்கவேண்டும் என்று அவள் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். முதல் மாதிரி கசிந்தது. இரண்டாவதற்கு வேறு தரத்து ஷீட் வாங்கி வெட்டினார், அதை டிசம்பரில் ஒரு செல்லில், அதாவது ஒரு ஜோடித் தகட்டுக்கு நடுவில் மட்டும் மாட்டினார்கள். ஐந்து வாரமாகக் கசியாமல் தாங்குகிறது.

போன வியாழக்கிழமை லாரி திரும்பும்போது காலி சிலிண்டர்களோடு அண்ணாச்சியின் ஒரு அட்டைப் பெட்டியும் ஏறியது. இயந்திரத்தின் எல்லா செல்களுக்கும் வேண்டிய கேஸ்கட் அதில் இருக்கிறது. பொங்கல் பராமரிப்புக்கு மிஷினை நிறுத்தியிருக்கிறார்கள், இந்த வாரம் மாட்டுவதாகச் சொன்னாள். அடுத்த லோடு 29-ஆம் தேதி.